பத்து வலைப்பூ, பத்து மடங்கு பணமா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "நாலைந்து வலைப்பூக்காரர்கள் (பிளாக் எழுதுகிறவர்கள்) சேர்ந்தால் அது ஒரு தொழில்தான்" என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்த முறை மற்ற கேள்விகளை எடுத்து வைத்துவிட்டேன். கம்பளி நூல் விற்பது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன். 2008-லிருந்து வலைப்பூ எழுதுகிறேன். இப்போது கையில் மூன்று இருக்கின்றன. நாலாவது போன கதை கீழே வருகிறது.

குன்னூர் வாசகி ஒருவர்: வர்க்கி, பன், பிளம் கேக் என்று மலைப் பேக்கரிப் பண்டங்களைப் பற்றி ஒரு வலைப்பூ எழுதுகிறேன் அக்கா. விளம்பரத்தில் மாதம் 700, 800 ரூபாய் வருகிறது. "இதேபோல் பத்து ஆரம்பித்தால் எட்டாயிரம் ஆச்சே" என்கிறார் என் வீட்டுக்காரர். சரியா?

வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள். ஒரு ஏக்கரில் இலை பறிக்கிற அம்மாவுக்குப் பத்து ஏக்கர் கொடுத்தால் கையும் பத்தாகிவிடுமா? இலை முற்றிப்போகும், அவ்வளவுதான்.

நானே இதைச் செய்து பார்த்தவள். சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, கோத்தகிரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று. சமையல் நன்றாகப் போகிற மாதம் தேயிலை காய்ந்து கிடக்கும். இரண்டையும் கவனித்தால் சுற்றுலா வலைப்பூவில் கோடநாடு போகும் பஸ் நேரம் பழையதாகவே இருக்கும், யாராவது திட்டி எழுதுவார்கள். மூன்றும் சேர்ந்து ஒன்றின் மூன்று மடங்கு ஒரு மாதமும் தந்ததில்லை.

ஒரே ஒரு மாதம் தவிர. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது நினைவிருக்கும். அதை எப்படி எடுப்பது என்று படம் போட்டு ஒரு பதிவு எழுதினேன். அரை மணி நேர வேலை. பதினாறு வருடத்தில் நான் எழுதிய எல்லாவற்றையும் விட அதற்குக் கூட்டம். மலர்க் கண்காட்சி நேரம் வேறு, கேட்கவா வேண்டும்! கூகுள் தரும் விளம்பரப் பணத்தைக் காட்டும் ஆட்சென்ஸ் கணக்கைத் திறந்து திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சீசன் முடிந்தது, கூட்டமும் மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டது. அதில் ஒருவர்கூட மேரக்காய்க் கூட்டு செய்முறையைத் திறந்து பார்க்கவில்லை. வந்து போனவர்கள் வேறு, வாசகர்கள் வேறு என்று எனக்குப் புரிய அந்த ஒரு மே மாதம் வேண்டியிருந்தது.

அப்படியானால் பல வலைப்பூக்கள் சேர்வதில் லாபமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது எழுதுகிற இடத்தில் இல்லை, விற்கிற இடத்தில் இருக்கிறது. உங்கள் 800 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூகுள் ஒரு விளம்பரத்தை உங்கள் பக்கத்தில் வைக்கிறது. விளம்பரதாரர் கொடுத்ததில் சுமார் 68 சதவீதம் உங்களுக்கு. அந்த விளம்பரதாரர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, உங்களை அவருக்கும் தெரியாது. தமிழ் வாசகருக்காகப் போட்டி போட்டு விலை ஏற்றுகிற விளம்பரதாரர்கள் குறைவு. அதனால்தான் இவ்வளவு பேர் வந்தும் சில்லறை.

இதே இடத்தில் ஓர் அடுப்புக் கம்பெனியோ, மைதா, வெண்ணெய் விற்கிறவரோ நேராக உங்களிடம் விளம்பரம் கொடுத்தால் கதை வேறு. ஆனால் ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வருகிற ஒரு வலைப்பூவுக்காக அவர் போனை எடுக்க மாட்டார். சமையல் எழுதும் எட்டுப் பேர் சேர்ந்து, எட்டுக்கும் சேர்த்து ஒரு விலைப்பட்டியல், ஒரே பில் என்று போனால் எடுப்பார். நம் ஊரில் இதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் அதன் உறுப்பினர்கள். தூளை விற்க எல்லாவற்றுக்கும் மேலே 1965-லேயே இன்ட்கோசர்வ் என்று ஓர் இணையம் வைத்தார்கள். அதில் குறை சொல்ல எங்கள் டீக்கடையில் தினமும் நாலு பேர் இருப்பார்கள், அது வேறு விஷயம். அமைப்பின் வடிவம் சரியானது.

ஆகவே இன்னும் ஒன்பது ஆரம்பிக்காதீர்கள். இன்னும் ஏழு பேரைத் தேடுங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்: அமெரிக்காவில் வலைப்பூக் கூட்டத்தைக் கோடிக்கணக்கில் விற்றார்கள் என்று படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?

உண்மைதான் சார். அதன் மறுபாதியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெப்லாக்ஸ் இங்க் என்ற நிறுவனத்தை 2003-ல் ஜேசன் கலகானிஸும் பிரையன் ஆல்வேயும் தொடங்கினார்கள். காருக்கு ஒன்று, வீடியோ விளையாட்டுக்கு ஒன்று என்று வரிசையாக வலைப்பூக்கள். ஆட்சென்ஸ் அந்த வருடம்தான் வந்திருந்தது. 2005 அக்டோபரில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் அதை வாங்கியது. பத்திரிகைகளில் அடிபட்ட விலை இரண்டரைக் கோடி டாலர். இரண்டு வருடக் கடைக்கு அந்த விலை! ஆனால் அந்த வரிசையில் உண்மையில் கூட்டத்தை இழுத்தவை மின்னணுச் சாதனங்களைப் பற்றிய என்காட்ஜெட் போன்ற சிலதான். 2015-ல் ஏஓஎல், வீடியோ விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் உட்பட அந்தக் குடும்பத்தின் பிரபலமான தளங்களையே மூடியது. என்காட்ஜெட் தப்பித்தது.

இன்னொன்று காக்கர் மீடியா. நிக் டென்டன் நடத்தியது. கிஸ்மோடோ, லைஃப்ஹேக்கர் எல்லாம் அவருடையவை. அதில் காக்கர் என்ற வம்பு வலைப்பூ மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனின் அந்தரங்க வீடியோவைப் போட, அவர் வழக்குத் தொடர, 2016-ல் 14 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. முழு நிறுவனமும் திவால். யூனிவிஷன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் 13.5 கோடி டாலருக்கு மற்ற வலைப்பூக்களை வாங்கிக்கொண்டது, காக்கர் மூடப்பட்டது. கேமராவைப் பற்றியும் காரைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த வம்புக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பத்து வீட்டுக் கூரையும் போகும், அதுபோலத்தான். சேர்ந்து விற்கலாம், ஆனால் எல்லா வலைப்பூவையும் ஒரே நிறுவனத்தின் சொத்தாக எழுதி வைப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, செய்தியும் வலைப்பூக்களும் கலந்த ஹஃபிங்டன் போஸ்ட் தளம். அதையும் ஏஓஎல்தான் 2011-ல் 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே சம்பளமில்லாமல் எழுதிக் குவித்தவர்கள் "எங்கள் பங்கு எங்கே?" என்று வழக்குப் போட்டார்கள். மறு வருடமே தள்ளுபடி. "காசு கிடையாது என்று தெரிந்துதானே எழுதினீர்கள்" என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை. சட்டப்படி சரிதான். எனக்கு மனது ஒப்பவில்லை.

கொடைக்கானல் மலையிலிருந்து, தங்கும் விடுதி நடத்தும் வாசகர்: பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி பக்கம் நாங்கள் ஆறு பேர் வீட்டோடு அறை வாடகைக்கு விடுகிறோம். ஆறு பேருக்கும் தனித்தனி வலைப்பூ, யாரும் படிப்பதில்லை. ஒன்றாகச் சேர்த்துவிடலாமா?

சேருங்கள், ஆனால் கலக்காதீர்கள். பூம்பாறைக்காரர் மலைப்பூண்டைப் பற்றி எழுதட்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எப்போது நடுகிறார்கள், ஏன் புகை மூட்டிப் பரணில் வைக்கிறார்கள், குழந்தை வேலப்பர் கோயில் தேர் எப்போது, இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தாண்டிக்குடிக்காரர் காபியையும் மிளகையும் எழுதட்டும். மன்னவனூருக்கு ஏரியும் ஆட்டுப்பண்ணையும் இருக்கின்றன. ஆறு பேரும் "கொடைக்கானலில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" எழுதினால் ஆறும் வீண். அதை ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது, அதில் பாதிப் பேர் மலை ஏறாதவர்கள்.

ஒவ்வொரு வலைப்பூவின் கீழும் மற்ற ஐந்தின் பெயரும் இருக்கட்டும். உங்கள் வீட்டில் இடம் இல்லையென்றால் "பக்கத்து மலையில் இவர் வீட்டில் இருக்கிறது" என்று அனுப்புங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: உங்கள் கூட்டணிக்கு விளம்பரமே தேவையில்லை. முன்பதிவுத் தளங்கள் ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு கமிஷன் பிடிக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மாதத்துக்கு நாலு குடும்பம் நேராக உங்களுக்குப் போன் செய்து வந்தால், மிச்சமாகும் அந்தக் கமிஷன்தான் உங்கள் வலைப்பூவின் வருமானம். ஆட்சென்ஸ் அதன் பக்கத்தில்கூட வராது. ஆளுக்கு மாதம் 500 ரூபாய் போட்டால் 3,000. படம் எடுக்கவும் பக்கங்களைச் சரிபார்க்கவும் ஊரில் படித்துவிட்டு இருக்கிற ஒரு பிள்ளைக்குப் பகுதி நேர வேலை கொடுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. முறையாகப் பதிவு செய்யாத வீட்டைக் கூட்டணியில் சேர்க்காதீர்கள். ஒருவருக்குச் சீல் வைத்தால் ஆறு பேர் பெயரும் கெடும். அப்புறம், குறிஞ்சி. 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. வருடா வருடம் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று ஏதோ ஊதாப் பூவின் படத்தைப் போட்டு ஆள் கூப்பிடுகிறவர்களோடு சேர வேண்டாம்.

கோவையில் படிக்கும் ஊட்டி மாணவர்: ஒருவர் 20 பழைய டொமைன் (இணையதள முகவரி) வாங்கித் தருகிறேன், எல்லாவற்றிலும் ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்தால் கூகுளில் மேலே வரலாம் என்கிறார். 40,000 ரூபாய் கேட்கிறார்.

தம்பி, வேண்டாம். அவர் விற்பது கூட்டணி இல்லை, ஒரே ஆள் இருபது முகமூடி போட்டுக்கொண்டு தனக்குத் தானே கை தட்டுவது. 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் காலாவதியான டொமைன்களை இப்படி வாங்கிப் பயன்படுத்துவதையும், ஒரே மாதிரிச் சரக்கை மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பதையும் பெயர் சொல்லியே குற்றமாகச் சேர்த்திருக்கிறது. பிடிபட்டால் இருபதும் ஒரே ராத்திரியில் தேடலிலிருந்து போய்விடும். 40,000-க்கு ஒரு நல்ல கேமரா வாங்கு.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எந்தக் கூட்டணியிலாவது இருந்ததுண்டா? பணம் பார்த்தீர்களா?

நியாயமான கேள்வி. கொஞ்சம் குத்துகிற கேள்வியும்கூட.

2011-ல் மலைத் தோட்டம் பற்றி எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. கேரட், பீட்ரூட், பீன்ஸ், வீட்டுக் கொல்லையில் காட்டுமாடு புகாமல் வேலி போடுவது, இப்படி. அப்போது தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் கிடையாது. அது 2018 பிப்ரவரியில்தான் வந்தது. ஆகவே எழுதி எழுதி, தமிழ் வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் வருகிறதா என்று பார்த்துச் சந்தோஷப்படுவதோடு சரி, பைசா இல்லை. அந்த நேரத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து போன். பெயர் வேண்டாம், இப்போது அவர்களும் இல்லை. முப்பது தமிழ் வலைப்பூக்களைச் சேர்க்கிறோம், விளம்பரம் நாங்கள் பிடிக்கிறோம், வருவதில் 60 சதவீதம் உங்களுக்கு என்றார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். கூகுளின் இலவச வலைப்பூ இடமான பிளாக்ஸ்பாட்டிலிருந்து எல்லாவற்றையும் அவர்கள் சர்வருக்கு மாற்றி, தனி டொமைனும் வாங்கித் தந்தார்கள். "நீங்க எழுதுங்க மேடம், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

ஏழு மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது. முதல் செக் 1,850 ரூபாய். அதை உடனே மாற்ற மனமில்லாமல் ஒரு வாரம் சாமி படத்தடியில் வைத்திருந்தேன். எட்டாவது மாதம் தாமதம். பத்தாவது மாதம் போன் எடுக்கவில்லை. கடைசியில் 11,400 ரூபாய் நின்றுபோனது. பணம் போனால் போகட்டும். 2013-ல் ஒரு நாள் காலையில் என் வலைப்பூவைத் திறந்தால் அங்கே சூதாட்ட விளம்பரம். டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள், யாரோ வாங்கிவிட்டார்கள். பிளாக்ஸ்பாட்டில் இருந்த பழையதை, "இரட்டைப் பதிவு கூடாது" என்று அவர்கள் சொன்னதை நம்பி நானே அழித்திருந்தேன். 214 பதிவுகள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகத்தில் தோண்டி அறுபது சொச்சம் எடுத்தேன். மீதி போயே போச்சு. அதில் என் மாமியார் சொல்லச் சொல்ல எழுதிய விதை சேமிப்புக் குறிப்புகள் இருந்தன. அவர் 2012-ல் இறந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. பதினோரு வருடம் நான் பார்த்த வேலை என்ன? விவசாயி இலை மூட்டையைக் கொண்டு வந்து இறக்கினால் அவர் கண் முன்னால் தராசில் வைக்க வேண்டும். ஈர இலைக்கு எவ்வளவு கழிவு என்று வாய்விட்டுச் சொல்லிச் சீட்டு எழுத வேண்டும். அவர் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நகர்வார், வாங்காமல் நகர மாட்டார். தேயிலை வாரியம் மாதா மாதம் பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச சராசரி விலை என்று ஒன்றை அறிவிக்கிறது. தொழிற்சாலை கொடுத்ததை அதோடு ஒப்பிட்டுச் சண்டை போடலாம். இவ்வளவும் தெரிந்தவள், என் இலையை மட்டும் எடை பார்க்காமல் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் வலைப்பூவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைக்கூட அவர்கள்தான் பார்த்தார்கள், எனக்குத் திறந்து காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டணி நடத்துகிறோம். இரண்டு பேர் குன்னூர், ஒருவர் வால்பாறை, ஒருவர் திருப்பூர், அப்புறம் நான். டொமைன் அவரவர் பெயரில், அவரவர் காசில். ஆளுக்கு வருடம் ஆயிரம் ரூபாய் சொச்சம், அவ்வளவுதான். வருகையாளர் கணக்கை ஐந்து பேரும் பார்க்கலாம். விளம்பரம் பிடிப்பவருக்கு நூற்றுக்கு 20, மீதி வலைப்பூக்காரருக்கு. காசு வாங்கி எழுதிய பதிவு என்றால் தலைப்பிலேயே "விளம்பரம்" என்று போட வேண்டும், காசு வாங்கியதை மறைக்கக் கூடாது என்பது சட்டமும்கூட. பிரிய நினைத்தால் ஒரு மாத நோட்டீஸ், எழுதியது எழுதியவருக்கே. இவ்வளவும் இரண்டு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

பணம்? போன வருடம் என் பங்கு, நல்ல மாதத்தில் 14,000, மோசமான மாதத்தில் 5,000. அதை மட்டும் நம்பிப் பிழைக்கும் அளவுக்கு இல்லை. மழைக்காலத்தில் இலை விலை விழும்போது கை கொடுக்கிறது.

பழனியிலிருந்து ஒரு வாசகர்: கூகுளே இப்போது மேலே விடையை எழுதிக் காட்டிவிடுகிறது. இனி யார் வலைப்பூவுக்கு வருவார்கள்?

2024 ஆகஸ்டில் அந்த வசதி இந்தியாவுக்கு வந்தது. என் இ-பாஸ் பதிவுக்கு இப்போது ஆள் வருவதில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் "கட்டபெட்டு பக்கம் இந்த வாரம் இலைக்கு என்ன கொடுக்கிறார்கள், எந்தத் தொழிற்சாலை பாக்கி வைத்திருக்கிறது" என்று நான் எழுதுவதைப் படிக்க, தேடலே இல்லாமல் வாட்ஸ்அப்பில் லிங்க் வாங்கி முன்னூறு பேர் வருகிறார்கள். அந்த முன்னூறு பேருக்காகத்தான் ஓர் உரக்கடைக்காரர் மாதா மாதம் விளம்பரம் தருகிறார். கூகுளைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

கோத்தகிரி, ஓய்வு பெற்ற ஆசிரியை: ஆட்சென்ஸ் தபாலில் அனுப்பும் பின் நம்பர் இரண்டு மாதமாக வரவில்லை. பணம் போய்விடுமா?

போகாது டீச்சர். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் அந்தக் கடிதம் கிளம்பும். நம் மலைக்கு வந்து சேர நாளாகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாகக் கேட்கலாம், மொத்தம் மூன்று தடவை. அதற்கும் வராவிட்டால் அடையாள அட்டையைக் காட்டிச் சரிபார்க்க வழி இருக்கிறது. முதல் பின் கிளம்பிய நாளிலிருந்து நாலு மாதம் தாண்டினால் விளம்பரம் நின்றுவிடும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முகவரியில் ஆங்கிலத்தில் தெருப்பெயரை அழகாக எழுதிப் பயனில்லை. தபால்காரருக்குத் தெரிந்த பெயரில் எழுதுங்கள்: இன்னார் வீடு, ரேஷன் கடைக்கு மேலே, 643217. எனக்கு அப்படித்தான் வந்தது. வந்த அன்று வாசலில் கரடி ஒன்று நடமாடியதால் தபால்காரர் கடிதத்தைக் கீழே மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உங்கள் தெருக் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.